நிறவெறிக்கு எதிராக அமெரிக்க வெள்ளையர் செய்யக்கூடியவை: வீட்டுப் பத்திரம் முதல் நகரசபைக் கூட்டம் வரை

"நான் நிறம் பார்ப்பவன் இல்லை" என்ற ஒரே வரியோடு அமெரிக்க வெள்ளையர் பலருக்கு விஷயம் முடிந்துவிடுகிறது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்நாட்டு மத்திய ரிசர்வ் வங்கியின் 2022 கணக்கெடுப்பில் வெள்ளையர் குடும்பங்களின் நடுமதிப்புச் சொத்து சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பங்களுக்கு அது சுமார் 45,000 டாலர். இந்த ஆறு மடங்கு வித்தியாசம் வசைச்சொற்களால் மட்டும் வந்ததல்ல. அடிமைமுறை ஒழிந்த பிறகும் கடன் விதி, பள்ளி எல்லை, மனைச் சட்டம், வேலைக்கான சிபாரிசு என்று சத்தமில்லாமல் கட்டி எழுப்பப்பட்டது. அதனால் சுயபரிசோதனையை மனதில் தொடங்காமல் ஆவணத்தில் தொடங்குவது நல்லது. மனம் சமாளிக்கும், பத்திரம் சமாளிக்காது.

முதலில் குடும்பக் கணக்கு

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று தலைமுறைக்கு மூன்று பக்கம் ஒதுக்க வேண்டும்: தாத்தா பாட்டி, பெற்றோர், தான். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கேள்விகள். வீடு எங்கே, எந்த ஆண்டு, யார் கடன் கொடுத்து வாங்கியது? படிப்புக்கு யார் பணம் கட்டியது? முதல் வேலை யார் சொல்லிக் கிடைத்தது? அடுத்த தலைமுறைக்குக் கைமாறியது என்ன? நினைவை மட்டும் நம்பி எழுதினால் "உழைத்து முன்னேறினோம்" என்ற கதைதான் வரும். 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரிப் படிவங்கள் 2022 ஏப்ரல் முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கின்றன. பெயரை வைத்துத் தேடலாம். தெரு, தொழில், இனம் எல்லாம் அதில் உண்டு.

தெரு கிடைத்ததும் 1930களின் கடன் வரைபடத்தில் அதைப் பார்க்க வேண்டும். அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களை நான்கு நிறமாகப் பிரித்தது: பச்சை மிகச் சிறந்தது, நீலம் பரவாயில்லை, மஞ்சள் சரிந்துகொண்டிருப்பது, சிவப்பு அபாயம். கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. ரிச்மண்ட் பல்கலைக்கழகம் இவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. எல்லாப் பழியையும் இந்த வரைபடத்தின் மேலேயே போடுவதும் தவறு. 1934இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தின் கடன் காப்பீட்டு விதிகள் அதைவிட ஆழமாக வெட்டின. வெள்ளையர் மட்டும் குடியிருக்கும் நிபந்தனையை அதன் கையேடே பரிந்துரைத்தது.

அடுத்தது பத்திரம். மாவட்டப் பதிவு அலுவலகத்தில் சொந்த வீட்டின் மூலப்பத்திரத்தையும், மனைப்பிரிவு உருவானபோது பதிந்த நிபந்தனைகளையும் கேட்டு வாங்க வேண்டும். இப்போதைய பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு "எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை" என்று திரும்பிவிடுவதுதான் வழக்கமான பிழை. நிபந்தனை பழைய மனைப்பிரிவு ஆவணத்தில் ஒளிந்திருக்கும். 1910களுக்கும் 1940களுக்கும் இடைப்பட்டவற்றைக் குறிப்பாகப் புரட்ட வேண்டும். வேலியின் உயரம், கோழி வளர்க்கத் தடை போன்ற சாதாரண விதிகளுக்கு நடுவே அது சாதாரணமாகவே உட்கார்ந்திருக்கும்: வெள்ளை இனத்தவர் தவிர வேறு யாரும் இங்கே குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் விதிவிலக்கு. இதை நீதிமன்றம் வழியாக அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் சொன்னது. வீட்டு விற்பனையில் பாகுபாட்டுக்கே தடை வர 1968 ஆயிற்று. இடையில் எத்தனை வீடுகள் விற்று, எத்தனை வாரிசுகளுக்குப் போயின என்பதை அந்த நோட்டிலேயே கணக்குப் பார்க்கலாம்.

"எங்கள் தாத்தா பரம ஏழை, அடிமை வைத்தவரே இல்லை" என்று தோன்றினால் அதையும் எழுத வேண்டும். அது உண்மைதான். பக்கத்தில் இதையும் எழுத வேண்டும்: போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு 1944 சட்டம் உத்தரவாதக் கடன் தந்தது, 1947இல் மிசிசிப்பியில் அப்படி வழங்கிய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை இரண்டே இரண்டு. ஏழ்மை இருவருக்கும் பொது, கடன் பொதுவாக இல்லை.

இந்த வேலையில் குற்ற உணர்ச்சி வந்தே தீரும், அதை எங்கே கொண்டுபோய் இறக்குகிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கறுப்பினச் சக ஊழியரைப் பிடித்து உட்கார வைத்து, கண்கலங்கி, கடைசியில் அவரே இவரைத் தேற்றும்படி ஆகிவிடுகிறது. அவராகக் கேட்காதவரை அந்த நோட்டு அவர் முன் திறக்கப்படக் கூடாது. தனக்கே தெரியாமல் மனதில் இருக்கும் இனச் சாய்வை அளப்பதாகச் சொல்லி இணையத்தில் கிடைக்கும் மறைமுகச் சார்புத் தேர்வுகளும் ஓரளவுக்குத்தான் உதவும். ஒரே ஆள் இரண்டு முறை எழுதினால் மதிப்பெண் மாறிவிடும், அதைச் சான்றிதழாகத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது.

வாய் திறக்கும் முறை

1966 வாக்கில், கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் கறுப்பினத் தலைவர்கள் தங்களோடு இருந்த வெள்ளையரிடம் வெளிப்படையாகச் சொன்னது, உங்கள் ஆட்களிடம் போய் வேலை செய்யுங்கள் என்பது. இன்றைக்கும் அதைவிடப் பயனுள்ள அறிவுரை கிடையாது. வெள்ளையர் மட்டும் இருக்கும் சாப்பாட்டு மேசையில் பேச வேறு ஆள் இல்லை.

நன்றி நாள் விருந்தில் மாமா ஒரு நிற ஜோக் அடிக்கிறார். பிரசங்கம் வேண்டாம், உடனே எழுந்து போவதும் வேண்டாம். "மாமா, எனக்குப் புரியல, கொஞ்சம் விளக்குங்க" என்று சிரிக்காமல் கேட்டால் போதும். விளக்கினால் ஜோக் செத்துவிடும். அவர் "சும்மா சொன்னேன்" என்றால், "என் முன்னாடி வேண்டாம், மாமா" என்று ஒரே வரி. எதிர்பார்க்க வேண்டியது மனமாற்றம் அல்ல. அந்த மேசையில் அப்படிப் பேச இனி இடமில்லை என்று, கேட்டுக்கொண்டிருக்கும் சின்னப் பிள்ளைகளுக்குப் புரிந்தால் போதும். நீண்ட பேச்சை மறுநாள் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

பாதிக்கப்பட்டவர் அதே அறையில் இருந்தால் கணக்கு வேறு. கோபத்தைக் காட்டும் முன் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் அந்த இடத்தை விட்டு அமைதியாக வெளியேற விரும்பலாம். குறுக்கிட்டு வேறு பேச்சை எடுப்பதே சில நேரம் சரியான உதவி. பிறகு தனியாக "நான் செய்ய ஏதாவது இருக்கிறதா?" என்று ஒருமுறை கேட்டு, பதில் எதுவானாலும் ஏற்க வேண்டும்.

போலீஸை வரவழைக்கும் அவசர எண் 911ஐ அழைக்கும் முன் ஒரு கேள்வி: அவர் செய்வது குற்றமா, அல்லது அவர் இங்கே நிற்பதுதான் எனக்கு உறுத்துகிறதா? இதே காரியத்தை ஒரு வெள்ளைக்காரர் செய்தால் போனை எடுத்திருப்பேனா என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். போலீஸ் ஒருவரை நிறுத்தி விசாரிப்பதைக் கண்டால் குறுக்கே போகாமல், தள்ளி நின்று, கைகள் தெரியும்படி முழுவதையும் படம் பிடிக்கலாம். அந்தக் காணொளி பிடிபட்டவருக்குச் சேர வேண்டியது. அவர் சம்மதமில்லாமல் வலையேற்றினால் அவருக்கே வினையாகும்.

கையில் அதிகாரம் இருக்கும் இடம்

வேலைக்கு ஆள் எடுப்பவரானால் வழி தெளிவு. பாஸ்டனிலும் சிகாகோவிலும் சுமார் 5,000 போலி விண்ணப்பங்களை அனுப்பி நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. வெள்ளையர் பெயருக்கு 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. எனவே முதல் சுற்றில் பெயரை மறைக்க வேண்டும். நேர்காணலில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. மற்றவரோடு பேசும் முன்பே ஒவ்வொருவரும் மதிப்பெண்ணை எழுதிவிட வேண்டும். "நம்ம குழுவுக்கு ஒத்துவருவாரா" என்ற கேள்வியை எடுத்துவிடுவது நல்லது, நிறம் அதன் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. ஆள் எடுக்கும் பொறுப்பு இல்லாதவர் தன் சம்பளத்தைச் சக ஊழியரிடம் சொல்லலாம். தனியார் ஊழியர் பெரும்பாலோருக்கு இதைப் பேசும் உரிமையை 1935 தொழிலாளர் உறவுச் சட்டமே தருகிறது.

எல்லாவற்றிலும் கனமானது நிலம். லூயிவில் நகரம் இனவாரியாகத் தெருக்களைப் பிரித்த சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1917இல் ரத்து செய்தது. பிறகு பல நகரங்களில் "ஒரு மனையில் ஒரே குடும்ப வீடு" என்ற விதி அதே வேலையைச் செய்தது. இனத்தின் பெயரையே எடுக்காமல், அடுக்குமாடிக்கும் வாடகைக்காரருக்கும் கதவைச் சாத்தியது. அதே லூயிவிலின் புறநகரில் 1954இல் ஆன், கார்ல் பிரேடன் என்ற வெள்ளைத் தம்பதி, ஆண்ட்ரூ வேட் என்ற கறுப்பினத்தவருக்காக வெள்ளையர் பகுதியில் தங்கள் பெயரில் வீடு வாங்கிக் கைமாற்றினார்கள். வீட்டுக்கு வெடி வைக்கப்பட்டது. ராஜதுரோகம் என்று சிறைக்குப் போனவரோ கார்ல் பிரேடன். தண்டனை பின்னர் ரத்தானது.

இன்றைக்கு அவ்வளவு விலை தேவையில்லை, ஒரு மாலை நேரம் போதும். நகரத் திட்டக் குழுவின் நிகழ்ச்சி நிரல் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே இணையத்தில் வரும். தன் பகுதியில் அடுக்குமாடி அல்லது குறைந்த வாடகை வீட்டுக்கான விண்ணப்பம் இருக்கிறதா என்று பார்த்து, பேசுவோர் பட்டியலில் பெயர் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள். தெருப் பெயர், எத்தனை ஆண்டு குடியிருப்பு, எந்த எண்ணுள்ள விண்ணப்பத்தை ஆதரிக்கிறேன், ஒரே ஒரு காரணம். அதோடு உட்கார்ந்துவிடலாம். எதிர்ப்பவர்கள் கூட்டமாக வருவார்கள், "பகுதியின் தன்மை கெடும்" என்பார்கள். தனியாகப் போனால் குரல் எடுபடாது, மூன்று அண்டை வீட்டாரையாவது சேர்த்துக்கொண்டு போக வேண்டும். கறுப்பினத்தவர் சார்பில் பேசுவதாகச் சொல்லக் கூடாது, தன் தெருவைப் பற்றி மட்டும் பேச வேண்டும். ஒரு எச்சரிக்கை: கறுப்பினத்தவர் வாழும் பகுதியில் மனைவிதியைத் தளர்த்தினால் வாடகை ஏறி அவர்களே வெளியேற நேரலாம். ஆகவே தளர்த்தலைத் தன் வசதியான தெருவில் முதலில் கேட்பதே நியாயம். மினியாபொலிஸ் 2018இல் இந்த ஒற்றை வீட்டு விதியை நகரம் முழுவதுமே கைவிட முடிவெடுத்தது.

பணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளூரில் கறுப்பினத்தவரே நடத்தும் அமைப்புக்கு, வருமானத்தில் ஒரு சதவீதமாவது, மாதாமாதம் தானாகப் போகும்படி, நிபந்தனை இல்லாமல் தர வேண்டும். 2020 ஜூன் 2 அன்று கறுப்பினத்தவருக்கு ஆதரவு காட்டுவதாக ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இன்ஸ்டாகிராமில் வெறும் கறுப்புச் சதுரம் போட்டார்கள்; போராட்டச் செய்திகளைத் தேடியவர்களுக்கு அந்தச் சதுரங்கள்தான் கிடைத்தன.

இதைத் தொடர்வதற்கு நான்கிலிருந்து ஆறு வெள்ளையர் கொண்ட குழு நல்லது. மாதம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். முதல் அரைமணியில் போன மாதம் சொன்னதை யார் செய்தார், யார் செய்யவில்லை என்று பெயர் சொல்லி வாசிக்க வேண்டும். உணர்வுகளைப் பேசுவது அதற்குப் பிறகு. இந்த வரிசை தலைகீழானால் குழு பாவமன்னிப்புக் கூடமாகிவிடும். தொடர்ந்து மூன்று கூட்டங்களில் வாசிக்க எதுவுமே இல்லாவிட்டால் குழுவைக் கலைத்துவிட்டு, ஏற்கெனவே இயங்கும் வாடகைதாரர் சங்கத்திலோ பள்ளிக் குழுவிலோ போய் நாற்காலி அடுக்கலாம்.