அமெரிக்கா 1890–1914: நல்லவர், கெட்டவர் என்று பிரித்துப் படிக்காதீர்கள்

ஆலைகள் பெருகியது ஒரு பாடம், சீர்திருத்தம் அடுத்த பாடம், கடல் கடந்து நிலம் பிடித்தது மூன்றாவது பாடம். பாடநூலில் இப்படித்தான் இருக்கும். நாமும் தனித்தனியாகப் படித்துவிட்டு, முதலாளி என்றால் கெட்டவர், சீர்திருத்தக்காரர் என்றால் நல்லவர், பிற நாட்டைப் பிடித்ததெல்லாம் அந்தக் கெட்டவர்களின் வேலை என்று மனதுக்குள் முடிவு கட்டிவிடுகிறோம். இந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது வரும் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகியை எடுத்துக்கொள்ளுங்கள். 1892-ல் பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட்டில் இருந்த அவருடைய எஃகு ஆலையில் கூலியைக் குறைக்கப் பார்த்தார்கள், தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். மேலாளர் ஃபிரிக் சுமார் 300 பிங்கர்டன் என்ற தனியார் நிறுவனத்தின் கூலிக் காவலர்களை ஆற்று வழியாகக் கொண்டுவந்து இறக்க, சண்டையில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின, சங்கம் உடைந்தது. கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். ஆனால் ஃபிரிக்குக்குப் பின்னால் நின்றது அவர்தான். அதே கார்னகி, 1898-ல் ஸ்பெயினோடு நடந்த போரில் கைக்கு வந்த பிலிப்பைன்ஸை அமெரிக்காவோடு இணைக்கக் கூடாது என்று பேசி, எழுதி, ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்துக்குப் பணமும் கொடுத்தார்.

இப்போது எதிர்ப்பக்கம். இண்டியானா செனட்டர் ஆல்பர்ட் பெவரிட்ஜ் 1906-ன் இறைச்சிச் சோதனைச் சட்டத்துக்காக முன்னால் நின்றவர், குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிராக மசோதா கொண்டுவந்தவர். பிலிப்பைன்ஸை விடவே கூடாது என்று 1900-ல் செனட்டில் முழங்கியவரும் இவரே. சரி, அப்படியானால் இணைப்பை எதிர்த்தவர்களாவது நல்லவர்களா என்றால், தென் கரோலைனா செனட்டர் டில்மனைப் போன்ற வெளிப்படையான இனவெறியர்களும் அந்தப் பக்கம் இருந்தார்கள். வெள்ளையர் அல்லாதவர்கள் அமெரிக்காவுக்குள் வந்துவிடக் கூடாது என்பது அவர்களுடைய கவலை.

அடுத்த பெரிய தவறு, சட்டம் வந்த ஆண்டை எழுதிவிட்டு அதோடு பிரச்சினை முடிந்ததாக நினைப்பது. 1890-ல் ஏகபோகத்தைத் தடுக்க ஷெர்மன் சட்டம் வந்தது, ஏகபோகம் ஒழிந்தது என்று ஒரே வரியில் எழுதுபவர்கள் ஏராளம். ஒழியவில்லை. நாட்டின் சர்க்கரைச் சுத்திகரிப்பில் ஏறக்குறைய 98 சதவீதத்தை ஒரே நிறுவனம் வைத்திருந்த வழக்கில், உற்பத்தி வேறு வணிகம் வேறு, மத்தியச் சட்டம் உற்பத்தியைத் தொடாது என்று 1895-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் யார்மேல் பாய்ந்தது என்று பார்த்தால்தான் வேடிக்கை. 1894-ல் சிகாகோ பக்கத்தில் ரயில் பெட்டி செய்யும் புல்மன் நிறுவனம் கூலியைக் குறைத்தது, ஆனால் அதே தொழிலாளர்கள் குடியிருந்த கம்பெனி வீடுகளின் வாடகையைக் குறைக்கவில்லை. வேலைநிறுத்தம் ரயில் பாதைகளுக்குப் பரவியதும் ஷெர்மன் சட்டத்தையும் காட்டித் தடையாணை வாங்கினார்கள், ஜனாதிபதி கிளீவ்லண்ட் ராணுவத்தை அனுப்பினார், ரயில் தொழிலாளர் சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸ் ஆறு மாதம் சிறையில் இருந்தார். 1908-ல் தொப்பித் தொழிலாளர்களின் சங்கமும் இதே சட்டத்தில் மாட்டியது. ஆகவே தேதியோடு நிறுத்தாமல், இந்தச் சட்டத்தை யார் யார்மேல் பயன்படுத்தினார்கள் என்று ஒரு வரி சேருங்கள், விடையின் தரமே மாறிவிடும்.

ராக்ஃபெல்லரின் எண்ணெய் நிறுவனமான ஸ்டாண்டர்ட் ஆயில் விஷயத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. ஏகபோகம் என்றால் விலையை ஏற்றியிருப்பார்கள் என்று நாமாகவே எழுதிவிடுகிறோம். அந்த நிறுவனம் வளர்ந்த ஆண்டுகளில் மண்ணெண்ணெய் விலை நன்றாகவே இறங்கியது. ரயில் கம்பெனிகளிடம் ரகசியமாகச் சலுகைக் கட்டணம் வாங்கிப் போட்டியாளர்களை நசுக்கியதுதான் அதன்மேல் இருந்த முக்கியக் குற்றச்சாட்டு. 1911-ல் அதை 34 கம்பெனிகளாக உடைத்தார்கள். ராக்ஃபெல்லர் நொடித்துப்போகவில்லை. எல்லாத் துண்டுகளிலும் அவருக்குப் பங்கு கிடைத்தது, பங்கு விலை ஏறியது, முன்பைவிடப் பெரிய பணக்காரர் ஆனார்.

1898-ல் ஸ்பெயினோடு நடந்த போருக்கு வருவோம். மெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஸ்பெயின் தகர்த்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். 1898 பிப்ரவரி 15 அன்று அப்போது ஸ்பெயின் வசமிருந்த கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் அது வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தது உண்மை. ஸ்பெயின் செய்ததற்கு ஆதாரம் கிடைக்கவே இல்லை. நிலக்கரி அறையில் பிடித்த தீ வெடிமருந்துக்குப் பரவியிருக்கலாம் என்பது 1976-ல் அட்மிரல் ரிக்கோவர் குழு சொன்ன முடிவு.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது, போர் 1898-லேயே முடிந்தது என்று எழுதுவது. ஸ்பெயினோடு நடந்தது முடிந்தது, அவ்வளவுதான். பிலிப்பைன்ஸ் மக்கள் 1898 ஜூன் 12 அன்றே சுதந்திரம் அறிவித்துவிட்டார்கள். ஆகஸ்டில் மணிலா வீழ்ந்ததே ஒரு நாடகம்: ஸ்பெயின் தளபதியும் அமெரிக்கர்களும் முன்கூட்டியே பேசிவைத்துப் பெயருக்கு ஒரு சண்டை நடத்தி நகரைக் கைமாற்றினார்கள், நகரைச் சுற்றி மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்த பிலிப்பைன்ஸ் போராளிகளை உள்ளே விடவில்லை. டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கை, 2 கோடி டாலர், தீவுகள் அமெரிக்காவுக்கு. பேச்சுவார்த்தையில் அந்தத் தீவுக்காரர் ஒருவருக்கும் இடமில்லை. 1899 பிப்ரவரி 4 அன்று அமெரிக்கர்களுக்கும் பிலிப்பைன்ஸ் போராளிகளுக்கும் இடையே புதிய போர் வெடித்தது. அதில் சுமார் 4,200 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள், ஸ்பெயின் போரில் செத்தவர்களைவிட இது அதிகம். போராளிகள் தரப்பில் சுமார் 20,000 பேர், பொதுமக்கள் பஞ்சம், நோயையும் சேர்த்து லட்சக்கணக்கில். 1902 ஜூலை 4 அன்று ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் போர் முடிந்ததாக அறிவித்த பிறகும் தெற்கே மோரோ என்ற முஸ்லிம் மக்களோடு சண்டை 1913 வரை ஓடியது. இவ்வளவையும் விட்டுவிட்டுச் சில மாதப் போர் என்று எழுதுவது எப்படி?

சின்னச் சின்னக் குழப்பங்களும் உண்டு. ஹவாய் ஸ்பெயினிடமிருந்து வந்ததல்ல. ராணி லிலியுவோகலானியை 1893-ல் கவிழ்த்தவர்களில் கரும்புத் தோட்ட நலன்களோடு தொடர்புள்ள அமெரிக்கர்கள் முன்னணியில் இருந்தார்கள், இணைப்பு 1898 ஜூலையில் நடந்தது. பனாமா கால்வாய்க்கு இடம் பிடித்தவர் தியோடர் ரூஸ்வெல்ட், 1930-களின் புதிய ஒப்பந்தத் திட்டம் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுடையது, இருவரையும் ஒரே ஆளாக்கிவிடாதீர்கள். கியூபா 1902-ல் சுதந்திரம் பெற்றது என்று எழுதினால் 1901-ன் பிளாட் திருத்தத்தையும் சேர்த்தே எழுதுங்கள். அமெரிக்கா நினைத்தபோது தலையிடலாம், கடற்படைத் தளத்துக்கு நிலம் தர வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில்தான் வந்தன, குவாண்டனாமோ தளம் அப்படிக் கிடைத்ததுதான்.