சென்னையில் குடும்பம் நடத்த மாதம் எவ்வளவு வேண்டும்: கணக்கிடும் முறை

சென்னைக்கு வேலை மாற்றலாகி வருகிறவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு சம்பளம் இருந்தால் போதும் என்பதுதான். ஒரே தொகையைச் சொல்லிவிடலாம். ஆனால் பெரம்பூரில் பெற்றோரின் சொந்த வீட்டில் இருப்பவருக்கும் சோழிங்கநல்லூரில் வாடகை கொடுப்பவருக்கும் அது ஒருபோதும் பொருந்தாது. செலவை முழுதாக எழுதி, அதிலிருந்து சம்பளத்தை வருவிப்பதே சரியான வழி. இதற்குக் கடந்த மூன்று மாதங்களின் வங்கிக் கணக்கு விவரமும், கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேச ஒரு மாலையும் தேவை.

முதலில் எழுத வேண்டியது வாடகை. அதைத் தனியாக எழுதாமல், மெயின்டனன்ஸ், தண்ணீர், வேலைக்குப் போய் வரும் செலவு ஆகிய மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும். கூடுவாஞ்சேரியில் வாடகை குறைவு என்பது உண்மைதான். கிண்டியில் வேலை என்றால் மின்சார ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்து அந்தக் குறைவை அப்படியே மிச்சப்படுத்தலாம். அதே வீட்டிலிருந்து சிறுசேரிக்கு நாள்தோறும் பைக்கில் போக வேண்டியிருந்தால், பெட்ரோலும் தேய்மானமும் மிச்சத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். நாளுக்கு 50 கிலோமீட்டர், மாதம் 24 நாள், லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பெட்ரோலுக்கு மட்டும் ஏறக்குறைய 2,700 ரூபாய் ஆகும். எனவே தூரத்தைவிட, அலுவலகமும் வீடும் ஒரே ரயில் தடத்திலோ மெட்ரோ தடத்திலோ இருக்கின்றனவா என்று பார்ப்பதே பயன் தரும். மாநகரப் பேருந்தை நம்பியிருப்பவர்களுக்கு 1,000 ரூபாய் மாதப் பாஸ் உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணமே இல்லை.

அட்வான்ஸையும் செலவாகவே கருத வேண்டும். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஆனால் பத்து மாதம் கேட்கும் பழக்கம் நகரத்தை விட்டு முற்றிலும் போய்விடவில்லை. 18,000 ரூபாய் வாடகைக்கு 1,80,000 ரூபாய் கொடுத்துவிட்டால், அந்தப் பணம் 7 சதவீத வட்டியில் வங்கியில் இருந்திருந்தால் தந்திருக்கக்கூடிய மாதம் 1,050 ரூபாய் கண்ணுக்குத் தெரியாத வாடகையாகிறது. பேசி முன்பணத்தை மூன்று மாதமாகக் குறைக்க முடிந்தால், மாத வாடகையில் 500 ரூபாய் குறைப்பதைவிட இது லாபம்.

வீடு பார்க்கும்போதே வேறு மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். முதலாவது, இ.பி. மீட்டர் தனியா, சப்-மீட்டரா என்பது. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கப்படும் கணக்கில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். 300 யூனிட் செலவழித்தாலும் தனி மீட்டரில் 800 ரூபாய்க்குள் முடியும். வீட்டு உரிமையாளர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினால் அதே 300 யூனிட்டுக்கு 2,400 ரூபாய். ஏ.சி. இருக்கும் வீடுகளில் 500 யூனிட்டைத் தாண்டுவதும் தனியாகக் கவனிக்கத்தக்கது. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டுகளுக்கு இருந்த கட்டணச் சலுகையின் ஒரு பகுதியும் போய்விடும். இரண்டாவது, கோடையில் தண்ணீர் லாரி வாங்குகிறார்களா, அதன் பங்கு மெயின்டனன்ஸில் அடக்கமா என்பது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டதைப் பார்த்தவர்கள் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். மூன்றாவது, 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அந்தத் தெருவில் வெள்ளம் எவ்வளவு நின்றது என்பது. இதைத் தரகரிடம் கேட்டுப் பயனில்லை, தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும். தரைத்தளம் 2,000 ரூபாய் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் பல இடங்களில் இதுதான்.

உணவுச் செலவில் அதிகம் சொல்வதற்கில்லை. மளிகைப் பட்டியல் எல்லாருக்கும் தெரியும். மறப்பது, வெளியிலிருந்து வரவழைக்கும் சாப்பாட்டைத்தான். அதை மளிகையோடு கலக்காமல் தனி வரியாக எழுதுங்கள். ரேஷன் அட்டையைப் புதிய முகவரிக்கு மாற்றிக்கொண்டால் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும். மாற்றாமல் ஊரிலேயே விட்டுவைப்பவர்கள் ஏராளம்.

பெரும்பாலான குடும்பங்கள் தவறுவது மாதச் செலவில் அல்ல, ஆண்டுச் செலவில்தான். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணிமணி, பொங்கலுக்கு ஊருக்குப் போய் வருவது, மொய், மருத்துவக் காப்பீடு, வண்டி இன்சூரன்ஸ், திடீரென்று நிற்கும் ஃபிரிட்ஜ் ஆகியவை மாதப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அவை வரும்போது கிரெடிட் கார்டோ நகைக் கடனோ துணைக்கு வந்து, அதற்கு அடுத்த ஆறு மாதங்களும் வட்டி கட்ட நேர்கிறது. கடந்த ஆண்டின் காலண்டரை எடுத்து மாதம் மாதமாகப் புரட்டி, இவை ஒவ்வொன்றையும் எழுதிக் கூட்டி 12ஆல் வகுத்து, மாதச் செலவுடன் சேர்க்க வேண்டும்.

மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீட்டில், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளுடன் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். வாடகை 18,000, மெயின்டனன்ஸ் 2,500, மளிகை 9,000, காய்கறி, மீன், கறி 5,500, பால் 1,800, கேஸ் 900, மின்சாரம் 1,500, கேன் தண்ணீர் 300, செல்போன், இணையம் 1,500, போக்குவரத்து 4,500, மருந்து, வெளிச்சாப்பாடு, சில்லறை 2,500. மொத்தம் மாதம் 48,000 ரூபாய். ஆண்டுச் செலவில் பள்ளிக்கும் வேனுக்கும் 1,20,000, பண்டிகைக்கு 30,000, ஊர்ப் பயணத்துக்கு 24,000, மொய்க்கு 18,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 24,000, வண்டிக்கு 12,000, பழுதுகளுக்கு 12,000 என்று 2,40,000 ஆகிறது, மாதத்துக்கு 20,000. இரண்டும் சேர்ந்து 68,000 ரூபாய். சேமிப்பு 15 சதவீதமாவது வேண்டும் என்றால் 68,000ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும், விடை 80,000. பெற்றோருக்கு ஊருக்கு அனுப்புவதோ கடன் தவணையோ இருந்தால், வகுப்பதற்கு முன்பே 68,000உடன் அதைக் கூட்டிவிட வேண்டும்.

இந்த 80,000 என்பது கையில் வர வேண்டிய தொகை. வேலைக்கான கடிதத்தில் எழுதப்பட்டிருக்கும் ஆண்டுத் தொகையை 12ஆல் வகுத்து அதுதான் சம்பளம் என்று நினைத்து ஏமாறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் தொகைக்குள் நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கும் பணிக்கொடையும் பல இடங்களில் அடங்கியிருக்கும். பி.எஃப்.பில் நம் பங்காக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் மேலும் பிடிக்கப்படும். தொழில்வரி ஆறு மாதங்களுக்கு 1,250 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 45,000 என்றால், கையில் 80,000 வருவதற்குக் கடிதத்தில் ஏறக்குறைய 11 லட்சம் இருக்க வேண்டும். செயல்திறன் ஊக்கத்தொகை என்று ஒரு பகுதியைக் காட்டியிருந்தால், அதைக் கணக்கில் சேர்க்காமலே பாருங்கள். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வருமான வரி இல்லை என்பதால், இந்த அளவில் வரியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களில், குழந்தைக் காப்பகம், சமையலுக்கு ஆள், இரண்டாவது வண்டி ஆகியவற்றை மனைவியின் சம்பளத்திலிருந்து மட்டும் கழித்து, மிச்சம் இல்லையே, வேலையை விட்டுவிடலாம் என்று முடிவெடுப்பதைப் பார்க்கிறோம். அந்தச் செலவுகள் குடும்பத்தின் செலவுகள். இருவர் சம்பளத்தையும் கூட்டிய பிறகு கழிப்பதே முறை.

கணக்கு முடிந்ததும் குடிபெயர்வதற்கு முன் மூன்று மாதங்கள் ஒத்திகை பார்க்கலாம். இப்போதைய வாடகைக்கும் புதிய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தையும், ஆண்டுச் செலவுக்கான 20,000 ரூபாயையும் சம்பளம் வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, மீதியில் காலம் தள்ள முடிகிறதா என்று பாருங்கள். 25ஆம் தேதிக்குள் கை வறண்டால், வீட்டை ஒப்புக்கொள்வதற்கு முன்பே அது தெரிந்துவிடும். ஒத்திகையில் சேர்ந்த பணம் அட்வான்ஸுக்கும் உதவும். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 11 மாதங்களுக்குப் போடப்படுவதால், பத்தாவது மாதத்தில் 5 சதவீத உயர்வை, அதாவது 18,000க்குப் பதில் 18,900ஐ வைத்து, இதே பட்டியலை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.