ஓரக் குழிகளின் கூடுதல் மஞ்சள்

ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி போட்டவர்களின் இரத்தத்தில் உள்ள பிறபொருளெதிரியை எலைசா என்ற நிறச் சோதனையில் அளக்கிறோம்; மஞ்சள் கடுமையானால் அளவு கூட என்று பொருள். மட்டக்களப்பில் சித்திரை வெயில் ஏறினால் 96 குழித் தட்டின் ஓரங்கள் மட்டும் கடும் மஞ்சளாகும். ஒரே சீரத்துக்கு (இரத்தத் தெளிநீருக்கு) நடுவில் ஒரு கணக்கு, ஓரத்தில் இன்னொன்று. மில்லிலீற்றருக்கு 0.1 சர்வதேச அலகைப் பாதுகாப்பின் எல்லையாக வைக்கும் இடத்தில் இது சின்ன விஷயமா? பாதுகாப்பில்லாதவருக்கும் 'உண்டு' என்று அறிக்கை போய்விடும்.

எல்லாரும் சோதனைக் கிட்டைத்தான் திட்டினார்கள். எனக்கு மேசைக்கு மேலே சுற்றிய மின்விசிறியில் சந்தேகம். ஓரக் குழிகள் காய்ந்தால் உள்ளது செறிவாகும்தானே?

கரைசல்களைக் குளிர் விடும்வரை வெளியே வைத்தேன். தட்டை ஒட்டுத்தாளால் மூடி, ஈரத்துணி போட்ட பெட்டிக்குள் வைத்தேன். ஓரக் குழிகளில் சீரம் இல்லாமல் வெறும் பஃபர் கரைசல். இடம் வீண்தான், போகட்டும். ஒரே சீரம் இட்ட இரட்டைக் குழிகள் இப்போது ஒத்துப்போகின்றன. குறைந்த அளவில் எலைசா கூட்டிக் காட்டக்கூடும். எல்லைக்குக் கிட்ட வருபவற்றை மட்டும் பிறபொருளெதிரி நச்சை உண்மையில் முறிக்கிறதா என்று பார்க்கும் நச்சு நடுநிலையாக்கல் சோதனைக்கு அனுப்பச் சொல்கிறேன்.