வீட்டுக்கு ஒரே போன்: பிள்ளை கையில் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

டெல்டா கிராமங்களில் பல வீடுகளில் பிள்ளைக்கென்று தனி போன் கிடையாது. குறுவை நடவுக்கு அம்மா வயலுக்குப் போய்விட்டால் போன் பாட்டியிடம் இருக்கும். பாட்டியிடம் இருக்கிற போன் பேரனிடம்தான் இருக்கும். பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ ஆப்பைப் போடுங்கள் என்பார்கள். அது பிள்ளை பெயரில் தனிக் கணக்கு இருந்தால்தான் உதவும். அம்மாவின் ஜிமெயில் ஓடுகிற போனில் அதனால் பெரிய பயன் இல்லை. பொதுவான போனுக்கு வழி வேறு. இங்கே சொல்வது ஆண்ட்ராய்டுக்கு.

1. திரைப்பூட்டு
ஆறு இலக்க பின் நம்பர் (PIN) வையுங்கள். பிறந்த வருடம் வேண்டாம், பிள்ளைகள் முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பார்கள். பாட்டிக்கு எண்ணைச் சொல்லாமல் அவர் விரல்ரேகையைப் பதியுங்கள். வயல்வேலை பார்த்த கையில் ரேகை தேய்ந்திருக்கும். ஒரு விரல் எடுக்காவிட்டால் வேறு விரலைப் பதியுங்கள்.

2. ஒரே ஆப்பில் நிறுத்துவது
செட்டிங்ஸ் மேலே உள்ள தேடல் பெட்டியில் ‘பின்’ (pin) என்று தேடினால் ‘ஆப் பின்னிங்’ அல்லது ‘ஸ்கிரீன் பின்னிங்’ வரும். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதை ஆன் செய்து, கீழே ‘வெளியேறும்போது பின் நம்பர் கேள்’ என்ற பொருளில் இருப்பதையும் ஆன் செய்யுங்கள். பலர் விடுவது இந்த இரண்டாவது பொத்தானைத்தான். அது இல்லாவிட்டால் ஐந்து வயசுப் பிள்ளைகூட வெளியே வந்துவிடும். பிறகு ஆப்பைத் திறந்து, ரீசன்ட்ஸ் திரையில் (கடைசியாகத் திறந்த ஆப்கள் வரிசையாகத் தெரியும் இடம்) அதன் ஐகானைத் தொட்டு ‘பின்’ கொடுங்கள்.

3. யூடியூப் கிட்ஸ்
சாதாரண யூடியூபைப் பின் செய்தால் பயனில்லை, உள்ளேயே எல்லாம் இருக்கிறது. கிட்ஸ் ஆப்பில் ‘அப்ரூவ்ட் கன்டென்ட் ஒன்லி’ தேர்ந்தெடுங்கள். நீங்கள் குறித்த சேனலும் வீடியோவும் மட்டுமே வரும், தேடவும் முடியாது. இதன் பெற்றோர் பூட்டு ஒரு பெருக்கல் கணக்கைக் கேட்கும். வாய்ப்பாடு தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பூட்டே இல்லை! அதே இடத்தில் சொந்தக் கடவுஎண் வைக்கலாம். திரைப்பூட்டு எண்ணையே இங்கும் போடாதீர்கள்.

4. பிளே ஸ்டோர்
புரொஃபைல் படம், செட்டிங்ஸ், ஃபேமிலி, பேரன்டல் கன்ட்ரோல்ஸ். ஆப்களின் வயது வரம்பு 7+ வரை போதும். ஏற்கெனவே போட்ட ஆப்களை இது தொடாது. அவற்றை நீங்களே பார்த்து நீக்க வேண்டும். விளையாட்டுக்குள் வாய்ஸ் சாட் இருந்தால் அணைத்துவிடுங்கள். ‘டைமண்ட் (விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு) தருகிறேன், ஓடிபி சொல்லு’ என்று அந்நியர் பேசத் தொடங்குவது அங்கேதான்.

5. வாட்ஸ்அப்
பிரைவசியில் குரூப்ஸ், புரொஃபைல் படம் இரண்டையும் ‘மை கான்டாக்ட்ஸ்’ ஆக்குங்கள். மீடியா தானாக டவுன்லோட் ஆவதையும் நிறுத்துங்கள்.

பள்ளிக்கு
வகுப்புக் குரூப்பில் எல்லாப் பெற்றோரின் எண்ணும் எல்லோருக்கும் தெரிகிறது. வாட்ஸ்அப்பிலேயே ‘கம்யூனிட்டி’ ஆரம்பித்து அதன் அறிவிப்புக் குரூப்பைப் பயன்படுத்தினால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது, அட்மின் மட்டுமே தகவல் போட முடியும். ஆண்டுவிழாப் படங்களில் பெயர், வகுப்பு, ஊர் மூன்றையும் சேர்த்துப் போடுவது தவறு. முகத்தோடு இவை சேர்ந்தால், பள்ளிவாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு அந்நியருக்கு வேறெதுவும் தேவையில்லை. கூட்டத்தோடு எடுத்த படம் போதும்.

ஏதாவது நடந்துவிட்டால்
பிள்ளையைத் திட்டிப் போனைப் பிடுங்காதீர்கள். அடுத்த முறை சொல்லவே சொல்லாது. மிரட்டல் மெசேஜ் என்றால் முதலில் எண், நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட், அதன் பிறகுதான் பிளாக். சாட்டை அழித்துவிட்டால் ஆதாரமும் போய்விடும். ஆனால் பிள்ளைகளின் ஆபாசப் படம் வந்தால் அதைப் படமெடுக்கவோ, ‘பாருங்கள் அநியாயத்தை’ என்று உறவினருக்கு அனுப்பவோ கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி அனுப்புவதும் குற்றம். அனுப்பியவர் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பிள்ளைகளின் ஆபாசப் படம் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம்.