நீங்கள் எப்போது பாட்டுக் கேட்கிறீர்கள்? எக்ஸெலில் வரைந்து பார்ப்போம்

சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போகும்போதா, ராத்திரி சமையலறையை ஒழித்துப்போட்ட பிறகா? ஸ்பாட்டிஃபை என்ற இசைச் செயலியில் கேட்பவர் என்றால் ஊகிக்கவே வேண்டாம், கணக்கு அங்கேயே இருக்கிறது.

முதல் படி: உங்கள் கணக்கின் தனியுரிமைப் பக்கத்துக்குப் போய்த் தரவைக் கேளுங்கள். கடந்த ஓராண்டுக்கானது சில நாள்களில் தயாராகிவிடும். முழு வரலாறும் கேட்கலாம், அதற்கு ஒரு மாதம் வரை ஆகும். ஆரம்பத்துக்கு ஓராண்டு தாராளம்.

இரண்டாம் படி: வருவது ஜேசன் (JSON) என்னும் வகைத் தரவுக் கோப்பு. விண்டோஸ் எக்ஸெலில் 'டேட்டா', 'கெட் டேட்டா' வழியாகத் திறந்தால் நான்கு நெடுவரிசைகள்: பாட்டு முடிந்த நேரம், கலைஞர், பாட்டு, ஓடிய மில்லிசெகண்டுகள். 30,000க்குக் குறைவானவற்றை வடிகட்டித் தள்ளுங்கள். அரை நிமிடம்கூட ஓடாத பாட்டைக் கேட்டதாக நான் சேர்ப்பதில்லை.

மூன்றாம் படியில்தான் பலர் சறுக்குவார்கள். கோப்பிலுள்ள நேரம் சிங்கப்பூர் நேரமல்ல, யூடிசி என்னும் உலகப் பொது நேரம்; நம் நேரம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால். திங்கள் காலை 7:30க்கு ரயிலில் கேட்டது, ஞாயிறு இரவு 23:30 என்று பதிவாகியிருக்கும். மணி மட்டுமா, கிழமையே மாறிவிடுகிறது! புதிய நெடுவரிசையில் அந்த நேரத்தோடு 8/24 கூட்டுங்கள். எக்ஸெலுக்கு ஒரு நாள் என்பது 1; எட்டு மணி நேரம் அதில் மூன்றிலொரு பங்கு.

இந்த 8 எப்போதும் இருந்ததல்ல. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமே இங்கும் நேரம். அதன் பிறகு 1981 வரை நம் கடிகாரம் யூடிசியைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னால் ஓடியது. மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வைத்தபோது, 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரும் அரை மணி நகர்ந்தது. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமே இங்கும் நேரம். இங்கே சூரியன் காலை ஏழு மணியை ஒட்டி எழுவதற்குக் காரணம் இந்த நகர்த்தல்தான். உங்கள் ஆறு மணிப் பாட்டெல்லாம் இருட்டில் கேட்டவை.

நான்காம் படி: 'ஹவர்' ஃபார்முலாவால் மணியைப் பிரியுங்கள். மில்லிசெகண்டை 60,000ஆல் வகுத்தால் நிமிடம். தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளில் மணிவாரியாக நிமிடங்களைக் கூட்டி, நிற்கும் பட்டைகளாக வரையுங்கள். வட்ட வரைபடம் வேண்டவே வேண்டாம்; 24 துண்டுகளில் எது பெரிதென்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. பட்டைகளை 1786லேயே வில்லியம் பிளேஃபேர் ஸ்காட்லாந்தின் வணிகத்தைக் காட்ட வரைந்துவிட்டார். பல ஆண்டுக் கணக்கு இருந்தால் கோடாக வரைந்திருப்பார், கையில் இருந்ததோ ஓராண்டுக் கணக்கு.

விடியற்காலை 2 மணிக்கு உயரமான பட்டை வந்தால் திகைக்காதீர்கள். நீங்கள் தூங்கியிருப்பீர்கள், போன் பாடியிருக்கும்.

வார நாள்களையும் வார இறுதியையும் ஒப்பிட ஆசையா? மொத்தத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல், ஒன்றை ஐந்தாலும் மற்றதை இரண்டாலும் வகுத்துவிட்டு வரையுங்கள்.