தேன்சிட்டைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு பெயரிலேயே தொடங்குகிறது. செம்பருத்தியில் தொற்றிக்கொண்டு தேன் குடிக்கும் குட்டிப் பறவையைப் படமெடுத்து, 'ஹம்மிங்பேர்ட்' என்று பகிர்கிறார்கள். ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இயற்கையில் கிடையாது. நம் தோட்டத்துக்கு வருவது தேன்சிட்டு. அந்தி நேரத்தில் பூவுக்கு முன் அந்தரத்தில் நின்று சுருள்குழலை நீட்டினால், தலையில் உணர்கொம்பும் தெரிந்தால், அது ஓர் அந்துப்பூச்சி.

அடுத்தது, மினுக்கத்தை நம்பி இனம் சொல்வது. ஆண் பறவையின் ஊதாவும் பச்சையும் இறகின் நுண்ணமைப்பில் ஒளி படும் கோணத்தால் வருபவை. வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் பறவை மின்னும். வெயில் பறவைக்குப் பின்னால் போய்விட்டால் அதே பறவை கரித்துண்டு போலிருக்கும். அதனால் வயிற்றையும் அலகையும் பாருங்கள். அரக்கு முதுகு, மஞ்சள் வயிறு என்றால் ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் ஆண். வயிறுவரை கருநீலமாக இருந்தால் ஊதாத் தேன்சிட்டு. வயிறு மங்கிய பழுப்பாக, அலகு அரிவாள்போல் நீண்டு வளைந்திருந்தால் லோட்டன் தேன்சிட்டு. பெண்களில், ஊதாப்பிட்டத்துக்குத் தொண்டை வெளுத்திருக்கும். ஊதாத் தேன்சிட்டுக்குத் தொண்டையிலிருந்தே மஞ்சள்.

பலரும் ஏமாறும் இடம் இன்னொன்று உண்டு. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஊதாத் தேன்சிட்டின் ஆண் ஏறக்குறையப் பெண்ணைப் போலவே மாறிவிடும். தொண்டையிலிருந்து கீழே இறங்கும் ஒற்றைக் கருங்கோடுதான் அடையாளம். மேலிருந்து எடுத்த ஒரே படத்தில் அது தெரியாது. முன்பக்கமும் பக்கவாட்டும் கட்டாயம் எடுங்கள்.

கேமராவோடு பின்னால் ஓடாதீர்கள். தேன் இருக்கும் பூவுக்குச் சிட்டு திரும்பத் திரும்ப வரும். இட்லிப்பூச் செடிக்கு மூன்று, நான்கு மீட்டர் தள்ளி, 300 அல்லது 400 மி.மீ. லென்ஸுடன் காத்திருங்கள். தேன்சிட்டு பெரும்பாலும் உட்கார்ந்தே குடிக்கும். செம்பருத்தி போன்ற பெரிய பூக்களில் வாய்ப்பக்கம் போகாமல் அடியில் துளையிட்டும் உறிஞ்சும். இதழ்முனையில் ஃபோகஸ் வைத்தவருக்குப் பறவை மங்கலாகத்தான் விழும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸைக் கண்ணில் வையுங்கள். உட்கார்ந்திருந்தால் ஷட்டர் வேகம் 1/1000 நொடி போதும். சிறகடித்தால் 1/2000-க்குக் குறையக் கூடாது. பின்னணி வெளிர் வானமாக இருந்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 ஏற்றுங்கள், இல்லையேல் பறவை நிழலுருவாகிவிடும். இருண்ட இலைப் பின்னணியில் இதற்கு நேர்மாறு: சற்றுக் குறைக்காவிட்டால் கழுத்து மினுக்கம் வெளுத்துப் போகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு நிகழ்வது கூட்டருகேதான். சிலந்திவலையால் கட்டிய அந்தத் தொங்கு பை, வராந்தாக் கம்பியில்கூட இருக்கும். படத்துக்காக மறைக்கும் இலையைக் கிள்ளினால் வெயிலும் காகமும் உள்ளே வந்துவிடும். கட்டும் கட்டத்தில் தொந்தரவு செய்தால் கூட்டையே கைவிட்டுவிடக்கூடும். ஃபிளாஷ் வேண்டாம். தாய் இரையோடு வந்து, கூட்டுக்குள் போகாமல் பக்கத்துக் கிளையில் இருந்து கத்திக்கொண்டே இருந்தால், உடனே அங்கிருந்து விலகிவிடுங்கள்.