வண்ணத்துப்பூச்சி வர எந்தச் செடி வைக்கலாம்?

கன்று வாங்கும்போது பெரிய பூவைப் பார்த்து மயங்க வேண்டாம். வண்ணத்துப்பூச்சிக்கு வேண்டியது கால் ஊன்ற இடமும் தேனும்தான், அதனால் சின்னக் குழாய்ப் பூக்கள் கொத்தாகப் பூக்கிற எக்சோராதான் என் தெரிவு, அதிலும் சிவப்பு. அடுக்குச் செவ்வரத்தை பார்க்க அழகு, ஆனால் அந்த இதழ் நெரிசலில் தேனை எட்டுவது கஷ்டம். ஒற்றை என்றால் பரவாயில்லை. நாயுண்ணிக்கும் நிறைய வரும், ஆனால் குருவிகள் விதையைக் காவிக்கொண்டுபோய் வளவெல்லாம் முளைக்க வைத்துவிடும், ஆடு தின்றால் நஞ்சு வேறு.

யாழ்ப்பாணத்தில் ஒரு சிக்கல் உண்டு. நிலத்தடியில் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீரிலும் அதே சுண்ணாம்பு, எக்சோராவோ கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள மண்ணை விரும்புகிற செடி. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைதான். குழியில் மக்கிய எருவும் இலைகுழையும் தாராளமாகப் போட்டு, நல்ல வெயில் படுகிற இடத்தில், மாரி தொடங்கும்போது நடுங்கள்.

சரி, பூ மட்டும் போதுமா? முட்டையிட இலையும் வேண்டும். தேசி, கறிவேப்பிலை இலைகளில் குருவி எச்சம் போல ஒட்டிக்கொண்டிருப்பது பல நேரம் வண்ணத்துப்பூச்சிப் புழு. வளர்ந்ததும் பச்சையாகும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கிளைத்த கொம்பொன்றை நீட்டி நாற்றம் விடும். மருந்து அடிக்காதீர்கள். வளர்ந்த மரம் தாங்கும், சின்னக் கன்று என்றால் புழுக்களை மெல்ல எடுத்துப் பெரிய தேசியில் விட்டுவிடுங்கள்.